ஐம்பதைத் தாண்டியும் பளு தூக்குபவர்களுக்கு: மூட்டு வலி கேள்வி-பதில்

கேள்வி: வயது 54. இளவயதிலிருந்தே பளு தூக்குகிறேன். காலை ஐந்தரைக்கு ஜிம். மார்கழி, தை மாதங்களில் பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) செய்யும்போது முதல் இரண்டு செட்டில் தோள்பட்டையின் முன்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. பிறகு சரியாகிவிடுகிறது. எடையைக் குறைக்கவா?
— ஆர்.எம்., குன்னூர்

பதில்: எடையில் கைவைக்கும் முன் வார்ம்-அப்பையும் பிடியையும் மாற்றுங்கள். குளிரில் மூட்டுக்குள் உள்ள திரவம் கெட்டியாகும், தசைநாண்கள் விறைத்திருக்கும். ஜிம்முக்கு நடந்தே வந்தாலும் சூடேறுவது கால்தான், தோள் இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றாமல் பத்து நிமிடம் ரோயிங் மெஷினில் இழுங்கள். அது இல்லாவிட்டால் கையை நன்றாக வீசி வேகமாக நடங்கள். நெற்றியில் வியர்வை அரும்ப வேண்டும். அடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மெல்லிய ரப்பர் பேண்டை வெளிப்பக்கமாக 15 முறை, இரண்டு செட் இழுங்கள். அதன் பிறகே பாரை (எடை மாட்டும் கம்பியை) தொடுங்கள். நீங்கள் 80 கிலோ போடுபவர் என்றால் வெறும் பாரில் 15 முறை, 40 கிலோவில் 8, 60-ல் 4, பிறகு 80.

முழங்கை தோளுக்கு நேராக விரிந்தால் தோளின் முன்பக்கம் நசுங்கும். உடம்புக்கும் மேற்கைக்கும் இடையே 45 டிகிரி இருந்தால் போதும். அப்படியும் குத்தினால் பாரை விட்டு, உள்ளங்கைகள் எதிரெதிரே பார்க்கும்படி டம்பெல் பிடித்து, தரையில் படுத்து பிரஸ் செய்யுங்கள். முழங்கை தரையில் முட்டி நின்றுவிடுவதால் தோள் பின்னுக்குப் போகாது. கழுத்துக்குப் பின்னால் பாரை இறக்கும் பிரஸ் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கம் படுத்தால் இரவில் தூக்கம் கெடுகிறது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்றால் தசைநாண் கிழிந்திருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வயது 58, எடை 92 கிலோ. வீட்டிலிருந்து பஜாருக்கு இறங்கும்போதுதான் முட்டி வலி. ஏறும்போது அவ்வளவு இல்லை. எக்ஸ்ரேயில் தேய்மானம் என்கிறார்கள். ஸ்குவாட்டை (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சியை) நிறுத்திவிடலாமா?
— கே.பி., கோத்தகிரி

பதில்: நிறுத்த வேண்டாம், வடிவத்தை மாற்றுங்கள். இறக்கத்தில் உடம்பைப் பிடித்து நிறுத்துவது முன்தொடைச் சதை. நீண்டுகொண்டே இறுக்கிப் பிடிக்கும்போது அது முட்டிச் சில்லைத் தொடை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. உங்கள் ஊரில் எங்கே போனாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். தொடை இளைத்துவிட்டால் அந்தச் சுமை நேரே முட்டியில் விழும்.

முட்டி உயரத்துக்குச் சற்று மேலாக ஒரு பெட்டி வையுங்கள். பழைய எடையில் பாதியோடு, மூன்று விநாடியில் மெதுவாக இறங்கி, பட்டும் படாமலும் உட்கார்ந்து எழுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை, மூன்று செட், வாரம் இரண்டு நாள். அடுத்து, 10 செ.மீ. உயரப் பலகையில் ஒற்றைக் காலில் நின்று, மறு குதிகாலை மெதுவாகத் தரையில் தொட்டு எடுங்கள். காலுக்கு 8 முறை. முட்டி உள்பக்கம் சாய்ந்தால் பலகை உயரம் அதிகம் என்று அர்த்தம்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது மூன்று வரை போகலாம். முக்கியமானது மறுநாள் காலை. படியிறங்கும்போது வழக்கத்தைவிட வலித்தால் அடுத்த முறை ஒரு செட்டைக் குறையுங்கள். பழைய பெருமைக்காக பிளேட் ஏற்றுவதை மூட்டு மன்னிப்பதில்லை! முட்டிக்கு ரப்பர் போன்ற நியோப்ரீன் உறை போட்டால் வெதுவெதுப்பு கிடைக்கும். இறுகச் சுற்றும் துணிப்பட்டை சில்லை நெரிக்கும்.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறையும். 92-லிருந்து 87-க்கு வந்தால் கணக்கு நீங்களே போடுங்கள்.

கேள்வி: ‘டெக்கா’ ஊசி போட்டால் மூட்டுக்கு எண்ணெய் விட்ட மாதிரி இருக்கும் என்கிறார் ஜிம் நண்பர். இப்போதைக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் பயிற்சி செய்கிறேன்.
— வாசகர், ஊட்டி

பதில்: இரண்டையும் விடுங்கள். டெக்கா என்பது நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு. சதையின் பலம் கூடும் வேகத்துக்குத் தசைநாண் ஈடுகொடுக்காது, அறுந்துபோகலாம். உடம்பு தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனும் அடங்கிவிடும், நல்ல கொழுப்பு இறங்கும். மாத்திரையோ எச்சரிக்கை வலியை மறைத்துவிடும். தினமும் போட்டால் வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு வரலாம். மருத்துவர் சம்மதித்தால் அதே மருந்தை ஜெல்லாகத் தடவலாம், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சதை பலத்துக்கான கிரியேட்டின் பொடி எடுப்பவர் என்றால் சிறுநீரகப் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரக நலனைக் காட்டும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு ரத்தத்தில் கூடுதலாகக் காட்டலாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எழுதித் தந்தால், பளு தூக்குவதையும் தெரிவியுங்கள். அந்த வகை மருந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் பெரிய தசைநாண் அறுவதுண்டு, அறுபதுக்கு மேல் ஆபத்து இன்னும் அதிகம்.

கேள்வி: யூகலிப்டஸ் தைலம், வின்டர்கிரீன் தைலம் இரண்டில் எது நல்லது?
— எஸ்.ஜே., கொடைக்கானல்

பதில்: இரண்டும் தோலைச் சூடாக்கி வலியை மறக்கடிக்கும், வார்ம்-அப்புக்கு மாற்று இல்லை. வின்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரன். தேங்காய் எண்ணெயில் கலக்காமல் தடவாதீர்கள். தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையும் வேண்டாம், முட்டி உறையும் வேண்டாம். தோல் வெந்துபோகும், மருந்தும் அதிகமாக உள்ளே போகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது. பாட்டிலைப் பேரன் பேத்திக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்: குழந்தை ஒரு டீஸ்பூன் குடித்தாலே உயிருக்கு ஆபத்து.