பர்மா அரிசியும் பொடியரிசியும்

அன்புள்ள ஐயா,

2023-ல் இந்தியா அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது ஏழை நாடுகளின் வயிற்றில் அடித்த செயல் என்று எழுதியிருந்தீர்கள். நான் பாறசாலையில் அரிசிக்கடை வைத்திருக்கிறேன். அந்த வருஷம் விலை ஏறியபோது, வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. தடை வந்த பிறகு விலை இறங்காவிட்டாலும் மேலே போகாமல் நின்றது. நம் வீட்டு உலை கொதித்த பிறகுதானே பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும்? தின்கிற அரிசியைத் தாங்களே விளைவிக்காமல் இறக்குமதியை நம்பியிருப்பது அந்த நாடுகளின் தப்பு இல்லையா?

ஒரு வாசகர், பாறசாலை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது நம் ஊரைப் பற்றிய கேள்வியும்கூட.

உங்கள் பாறசாலையும் என் களியக்காவிளையும் ஒரு காலத்தில் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். அந்தத் திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியை விளைவிக்கவில்லை. நாஞ்சில் நாட்டிலும் குட்டநாட்டிலும் வயல் இருந்தது, ஆனால் போதவில்லை. மற்ற இடமெல்லாம் தென்னை, ரப்பர், தேயிலை. கயிறும் கொப்பரையும் கப்பலேறிப் போயின, பர்மாவிலிருந்து அரிசி கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது, அரிசி நின்றது. போரால் கயிறு ஏற்றுமதியும் படுத்துவிட்டது. சேர்த்தலை பக்கம் கயிறு திரித்துப் பிழைத்தவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி: அரிசி விலை ஏறியது, அதை வாங்கும் கூலி இல்லாமல் போனது. 1943-44ல் அங்கே பட்டினியாலும், பட்டினி கொண்டுவந்த நோய்களாலும் நிறையப் பேர் செத்தார்கள். கொஞ்ச தூரத்தில் குட்டநாட்டில் நெல் விளைந்துகொண்டுதான் இருந்தது.

என் பாட்டிக்கு அப்போது பத்து வயதிருக்கும். "ரங்கூன் அரிசி நின்ன வருசம்" என்றுதான் சொல்வார். காலையில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), ராத்திரியும் மரச்சீனி, அதுவும் அவித்த தண்ணீரோடு. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பியிருக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ. தென்னை வைத்தது பாட்டியின் தப்பா? எது காசு தருமோ அதைத்தான் எல்லாரும் வைத்தார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் செனகலின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே நிலத்தை நிலக்கடலைக்குத் திருப்பினார்கள். சாப்பிடுவதற்கு தங்கள் ஆட்சியில் இருந்த இந்தோசீனாவிலிருந்து (இன்றைய வியட்நாம் பக்கம்) நொய்யைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்று தலைமுறையில் நாக்கு அதற்குப் பழகிவிட்டது. இன்று அவர்களுடைய முக்கியச் சாப்பாடான மீன்சோறே நொய்யில்தான் ஆகிறது. நாம் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கும் அதே பொடியரிசி. அதில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதியை நிறுத்தினோம். கோழித்தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போதவில்லை என்பதும் அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு அதைப் படித்ததும் மனசு கனத்துப்போனது. பிறகு செனகல் அரசு கேட்டு, 2023-ல் குறிப்பிட்ட அளவு நொய்க்கு மட்டும் தனி அனுமதி கொடுத்தோம். கொடுத்தது நல்லது. கேட்டு வாங்கும் இடத்தில் ஒரு நாடு நிற்க வேண்டியிருந்தது.

சரி, முதல் கேள்வி. நம் உலை முதலில் கொதிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. உங்கள் கடைக்கு வந்தவர்கள் பார்த்த பார்வையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உலகச் சந்தையில் விற்பனைக்கு வரும் அரிசியில் 100க்கு 40 நம்முடையது. நாம் கதவைச் சாத்தினால் அந்தச் சத்தம் எல்லா ஊரிலும் கேட்கும். 2007-08ல் இதைப் பார்த்தோம். அந்த வருஷம் உலகத்தில் நெல் விளைச்சல் குறையவில்லை. இந்தியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது, வியட்நாமும் போட்டது, பயந்துபோன பிலிப்பைன்ஸ் கிடைத்த விலைக்கு வாங்கிக் குவித்தது. டன் 400 டாலருக்குள் இருந்த தாய்லாந்து அரிசி சில மாதங்களில் 1000 டாலரைத் தொட்டது. கரீபியன் தீவு நாடான ஹைத்தியில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், 2008 ஏப்ரலில் பிரதமர் பதவி போனது. அந்த ஹைத்தி முன்பு தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்த நாடு. 1990களில் அமெரிக்கா போன்றவர்கள் நெருக்கி, இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைக்க வைத்தார்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி மலிவாக வந்து இறங்கியதும் உள்ளூர் விவசாயி வயலை விட்டுவிட்டார். அது தப்பு என்று அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டனே 2010-ல் ஒப்புக்கொண்டார். ஆகவே "தாங்களே விளைவிக்கவில்லை" என்பது பாதிக் கதைதான். விளைவித்தவர்களையும் விட வைத்திருக்கிறார்கள்.

2023 ஜூலையில் நாம் வெள்ளை அரிசியைத் தடுத்தபோது அரசுக் கிடங்குகளில் அரிசி, வைத்திருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகமாகவே இருந்தது. அதிலிருந்து உள்ளூர்ச் சந்தையில் முன்பே தாராளமாக இறக்கியிருக்கலாம் என்பது என் கருத்து. தடை 2024 செப்டம்பர் வரை நீடித்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அரிசி டாலரில் விற்கிறது, கூலி உள்ளூர்க் காசில் வருகிறது. 2022-ல் இலங்கையில் டாலருக்கு 200 ரூபாய் என்பது சில மாதத்தில் 350ஐத் தாண்டியது. உலக விலை அசையாவிட்டால்கூட அங்கே அரிசி விலை ஏறியிருக்கும். ராமேஸ்வரத்தில் படகில் வந்து இறங்கிய குடும்பங்கள் சொன்னதும் அதுதான்: கடையில் சாமான் விற்கிற விலைக்குக் கையில் பணம் இல்லை.

உங்களிடம் எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். விலை ஏறும்போது ஏழை வீட்டில் முதலில் குறைவது அரிசி என்று நான் நம்பவில்லை. வயிறு நிறைய வேண்டுமே, அரிசியை எப்படியாவது வாங்கிவிடுவார்கள். போவது பயறு, பால், முட்டை, மீன். சாப்பிட்டது போலவே இருக்கும், பிள்ளைகள் மட்டும் வளராது. உங்கள் கடைப் பற்று நோட்டில் 2023 ஜூலை முதல் டிசம்பர் வரை புரட்டிப் பாருங்கள். வழக்கமாகக் கடன் சொல்லி வாங்குபவர்களின் பக்கத்தில் அரிசி அளவு குறைந்திருக்கிறதா, பயறும் கடலையும் குறைந்திருக்கிறதா? பெயர் எதுவும் வேண்டாம், அளவு மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
களியக்காவிளையிலிருந்து