மாமியாருக்கு மூளைப் பயிற்சி டேப்லெட் வாங்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: மாமியாருக்கு 73 வயது, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மறதி நோய் என்று போன வருடம் டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஒருவர் வீட்டுக்கே வந்து, மூளைப் பயிற்சி விளையாட்டுகள் உள்ள டேப்லெட்டை 2,900 வெள்ளிக்குத் தவணையில் தருகிறேன், ஆறு மாதத்தில் ஞாபகம் திரும்பும் என்கிறாராம். வாங்கலாமா, இல்லை இருக்கிற போனே போதுமா?

வாங்காதீர்கள். போன ஞாபகத்தை மீட்டுத் தரும் ஆப் எதுவும் இன்றைக்குக் கிடையாது. லுமாசிட்டி என்ற மூளை விளையாட்டை நடத்திய அமெரிக்க நிறுவனம், மறதியைத் தள்ளிப்போடும் என்கிற மாதிரி விளம்பரம் செய்து, அதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று அந்த நாட்டு வர்த்தக ஆணையம் பிடித்ததில், 2016-ல் 2 மில்லியன் டாலர் கட்டியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருபவரின் பேச்சை எப்படி நம்புவது? 'ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் வந்தோம்' என்பார்கள், நம்பாதீர்கள். எந்த அரசாங்க ஆஸ்பத்திரியும் நோயாளி வீட்டுக்கு விற்பனையாளரை அனுப்பாது. மாமியாரிடம் எதிலும் கையெழுத்து வாங்க விடாதீர்கள், அடையாள அட்டையைப் படம் எடுக்கவும் விடாதீர்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், வீடு தேடி வந்து விற்றதை ரத்து செய்ய நேரடி விற்பனைச் சட்டம் 10 வேலைநாள் தருகிறது. வாயால் சொன்னால் போதாது, கடிதமாக எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள், கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை.

இந்த ஆட்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைக்கிற அப்பாய்ண்ட்மெண்டில் உள்ளே போனால் சில நிமிடம், கையில் மலாயில் ஒரு துண்டுத்தாள், அடுத்த தேதி. வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று தமிழில் உட்கார்ந்து சொல்ல யாரும் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் அல்சைமர் அறவாரியம் நல்ல வேலை செய்கிறது, ஆனால் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் தோட்டத்துக் கிழவியை யார் கூட்டிக்கொண்டு போவது? அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார்.

சரி, போனில் என்ன செய்யலாம்? ஆரம்ப, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு, சிறு குழுவாக உட்கார்ந்து பேச்சும் பாட்டும் கைவேலையுமாகச் சேர்ந்து செய்யும் தூண்டுதல் பயிற்சியைத்தான் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2018-ல் பரிந்துரைத்தது. தனியாகத் திரையைத் தட்டி ஞாபகத்தைச் சோதிக்கும் பயிற்சி வேறு, அது அந்தப் பரிந்துரையில் இல்லை. ஆகவே போன் ஒரு சாக்குதான், பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும்.

யூடியூப்பில் பால்மரம் வெட்டும் காணொளி ஒன்றைத் தேடி எடுங்கள். போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கூட்டி, காலையில் அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் போடுங்கள். 'நீங்கள் எந்த நிரையில் வெட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள், அது பரீட்சை, தெரியவில்லை என்றால் முகம் வாடிவிடும். 'இவன் வெட்டு சரியா அத்தை?' என்று கேளுங்கள். 'பட்டையை ஆழமா இழுக்கிறான், மரம் காயப்பட்டுப் போகும்' என்று அவரே ஆரம்பிப்பார், அப்புறம் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), மங்கு (பால் வடியும் கிண்ணம்), கங்காணி என்று பேச்சு தானாக வரும். அபிப்பிராயத்துக்குத் தப்பான பதில் கிடையாது. மின்னல் எஃப்எம் பாட்டு, வெளியூர்ப் பேரனோடு வீடியோ கால், இவையும் நல்லதுதான். இருபது நிமிடம் போதும், சலித்துக்கொண்டால் நிறுத்திவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு, இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நோய்க்கு முன்பே போனோ கம்ப்யூட்டரோ பழகியவர்கள் வேறு ரகம். ஓய்வுபெற்ற ஆசிரியரோ, ஆபீஸ் கிராணியோ, தினமும் சீட்டு விளையாட்டோ சுடோகுவோ ஆடியவர் என்றால், அதே விளையாட்டை அதே போனில், பட்டன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்படி விட்டு, தனியாகவே தொடர விடலாம். நல்லது செய்வதாக நினைத்து மகன் புது மாடல் வாங்கித் தருவதுதான் அங்கே ஆபத்து, பழகிய விரலுக்கு எல்லாம் இடம் மாறிவிடும். சுடோகு ஆடுகிறவர் தோற்றுத் தோற்றுக் கோபப்பட ஆரம்பித்தால் எளிய கட்டத்துக்கு இறக்குங்கள், அதுவும் கஷ்டமானால் விட்டுவிடுங்கள். பேங்க் ஆப்பை மட்டும் அந்தப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். உங்கள் மாமியார் இந்த வகை இல்லை, அதனால் அவருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முயல வேண்டாம்.

கடைசியாக, ஏஜென்ட் டேப்லெட்டைக் காட்டியபோது மாமியார் 'ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் காது கேட்கிறதா? காதில் அழுக்கு அடைத்திருந்தாலோ கண்ணில் புரை விழுந்திருந்தாலோ, மறதி உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். கிளினிக்கில் காதையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள்.