பதில் சொல்லக் கூடாதவர்கள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் இண்டியானாவில் வசிக்கிறோம். என் மகனுக்குப் பதினெட்டு வயது. பள்ளி மார்ச்சிங் பேண்டில் இருந்தவன், கடந்த கோடையில் டி.சி.ஐ. (டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல்) என்ற அமைப்பின் போட்டிகளுக்குச் செல்லும் ஒரு டிரம் கோர் குழுவில் சேர்ந்தான். பித்தளை ஊதுகருவிகளையும் தாளக்கருவிகளையும் வாசித்தபடியே மைதானத்தில் அணிவகுத்து ஆடும் குழு அது. கட்டணம் 5,000 டாலருக்கு மேல். மே மாதப் பயிற்சியிலேயே சிலர் விலகிவிட்டார்கள். அவர்களில் ஒருவனுடைய தாய், பிள்ளைகளை இவ்வளவு நேரம் வெயிலில் நிறுத்த வேண்டுமா என்று முகநூலில் கேட்டார். குழுவின் இயக்குநர் தன் சொந்தப் பக்கத்தில், ‘பஞ்சில் பொதிந்து வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இங்கே இடமில்லை. மே மாதம் ஓடிப்போனவர்கள் ஆகஸ்டில் இறுதிப் போட்டியைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வரட்டும்’ என்று எழுதினார். பழைய உறுப்பினர்கள் வந்து கொண்டாடினார்கள். என் மகனும் லைக் போட்டிருந்தான். ஏன் என்று கேட்டால், ‘உனக்குப் புரியாது அம்மா’ என்கிறான். என் கணவர், அமெரிக்கர்கள் வெளிப்படையாகப் பேசுகிறவர்கள், பெரிதுபடுத்தாதே என்கிறார். அந்த மனிதர் எழுதியது தவறா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? நவம்பரில் மறுபடியும் தேர்வு முகாம் வருகிறது. அனுப்பலாமா? கல்லூரிச் சேர்க்கைக்கு இதெல்லாம் உதவுமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலிலேயே தள்ளிவைத்துவிடுகிறேன். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்பதற்காக எந்தப் பிள்ளையும் கோடை முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பள்ளி உடற்பயிற்சிக்கூடங்களின் தரையில் படுத்துறங்குவதில்லை. உங்கள் மகன் அதற்காகப் போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும். கேட்டிருக்க வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். அமெரிக்கர்கள் வெளிப்படையாகப் பேசுவார்கள் என்பது அங்கே போய்க் குடியேறிய நம்மவர்கள் வாய்மூடி இருப்பதற்குக் கண்டுபிடித்த சமாதானம். அவருடைய அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி, வேலையை விட்டுப் போனவர்களைப் பற்றிப் பொதுவெளியில் இப்படி எழுதினால் பொறுத்துக்கொள்வாரா? அன்று மாலையே மனிதவளத் துறைக்குப் புகார் போகும். நாற்பது வயதுக்காரருக்கு உள்ள மரியாதை பதினெட்டு வயதுக்காரனுக்கு ஏன் இல்லாமல் போனது என்று அவரிடம் கேளுங்கள். நான் கேட்டதாகவே சொல்லுங்கள்.

உங்களுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த விஷயம் வெகு நாட்களாக என் மனத்தில் கிடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பென்சில்வேனியாவில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் மகனும் இதேபோல ஒரு குழுவில் ஸ்னேர் டிரம் வாசித்துக்கொண்டிருந்தான். குழு அந்தப் பக்கமாக வந்தபோது, சமையல் லாரியில் உதவ நண்பர் போனார். நானும் கூடப் போய் வெங்காயம் நறுக்கினேன். நறுக்கிய நேரத்தைவிட மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமே அதிகம்.

ஒலிபெருக்கியில் தாளக் கணக்கு காட்டும் மெட்ரோனோம் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் ஒரு சின்னக் குறிப்பேடு. மைதானக் கோட்டிலிருந்து எத்தனை காலடி தள்ளி எந்தத் தாளத்தில் நிற்க வேண்டும் என்று காட்சிவாரியாக அதில் எழுதியிருக்கிறது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வளைவாக நகர்ந்து வருகிறார்கள். ஒருத்தி அரையடி பின்தங்கினால் வளைவு உடைந்துவிடும். மேலே கோபுரத்தில் நிற்கும் பயிற்சியாளர் ஒலிவாங்கியில் அவளைச் சொல்லித் திருத்துகிறார். அவள் முகத்தில் அசைவே இல்லை. விளக்கம் சொல்வதில்லை, சாக்குச் சொல்வதில்லை. ‘மறுபடியும்’ என்று மேலிருந்து குரல் வருகிறது. எல்லாரும் பழைய இடத்துக்கு ஓடுகிறார்கள். பதினோரு பன்னிரண்டு நிமிட ஆட்டத்தின் ஒரு சிறு துண்டுக்காக இப்படியே ஒரு பகல் போகிறது. கண்ணில் நீர் வருமளவுக்கு அழகான உழைப்பு அது. வெங்காயத்தால் வந்த நீர் அல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

அன்று இரவு உடற்பயிற்சிக்கூடத்தின் சுவரோரம் எல்லா மின்செருகிகளிலும் கைபேசிகள் வரிசையாகச் சொருகியிருந்தன. நண்பரின் மகன் கணுக்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு காற்று மெத்தையில் சாய்ந்திருந்தான். இரண்டு நாட்களாக அவன் ஆடவில்லை, ஓரமாக உட்கார்ந்து தாளம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். கைபேசியை என்னிடம் நீட்டினான். குழுவை நடத்துகிறவர் எழுதியிருந்தார்: இந்த ஆண்டு சிலருக்கு நாற்காலி ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பெயர் இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அவனோடு தோளுரசி ஸ்னேர் வாசிக்கிற பையன்களே லைக் போட்டிருந்தார்கள். “நீ ஏதாவது எழுதினாயா?” என்று கேட்டேன். “நாங்கள் பதில் சொல்வதில்லை மாமா” என்றான். கோபத்தோடு சொல்லவில்லை. குழுவின் விதி ஒன்றை எனக்கு விளக்குகிறவனைப்போலப் பொறுமையாகச் சொன்னான்.

இதைத்தான் ர., நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மைதானத்தில் பதில் சொல்லாமல் இருப்பது தேவையான ஒழுக்கம். நூற்றைம்பது பேர் ஆளுக்கொரு விளக்கம் சொன்னால் ஒரு காட்சிகூட முடியாது. முதல் உலகப் போருக்குப் பின் படைவீரர் சங்கங்களும் தேவாலயங்களும் வளர்த்த கலை இது. அந்த விறைப்பு அதன் எலும்பிலேயே இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை ஊட்டியவர் யார்? இயக்குநரும் அவருடைய ஆட்களும்தான். திருத்தினால் ஏற்றுக்கொள், வாய் திறக்காதே, மறுபடியும் செய் என்று மாதக்கணக்கில் ஒரு பிள்ளையின் உடம்பிலேயே அதைப் பதியவைத்துவிட்டு, இரவு பதினோரு மணிக்கு முகநூலில் போய் அதே பிள்ளையைக் குத்திக்காட்டுவது நேர்மையான காரியமா? அடிபட்டவன் திருப்பி அடிக்க மாட்டான் என்று தெரிந்தே அடிப்பது அது. அது தன் சொந்தப் பக்கம், தனி மனிதனாகத்தான் எழுதினேன் என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் தனி மனிதர் இல்லை. அடுத்த ஆண்டு இடம் கொடுப்பவர் அவர். இவர்களில் பலர் இசை ஆசிரியர்களாகப் போகிறவர்கள், நாளை ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவரும் அவர்தான். எந்தப் பக்கத்தில் எழுதினாலும் அது கோபுரத்தின் மேலிருந்து வருகிற குரலாகவே அவர்களுக்குக் கேட்கும்.

அதே வரிகளை மற்றவர்கள் வாசிப்பது வேறு மாதிரி. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆடியவருக்கு அதில் தன் இளமை கேட்கிறது. தன் காலில் வந்த கொப்புளங்கள் வீண்போகவில்லை என்று யாரோ சொன்னதாக எடுத்துக்கொண்டு மகிழ்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விலகிய பையனின் தாய்க்கு அது அவமானம். நவம்பர் முகாமுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும், எங்கோ டெக்சஸில் உள்ள ஒரு பெண் அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: தலை சுற்றினால் சொல்லாதே. இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வெயிலில் மயக்கம் வருவதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தமில்லை, அந்தத் தாய் கேட்டது நியாயமான கேள்வி. இயக்குநர் அதற்குத் தண்ணீர் இடைவேளைகளையும் மருத்துவ ஏற்பாட்டையும் சொல்லிப் பதில் தந்திருக்கலாம். அந்த இரண்டு வரியில் வெயில் என்ற சொல்லே இல்லை. இந்த வாசிப்புகளில் எதுவும் அவருக்குத் தெரியப்போவதும் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது லைக் எண்ணிக்கை மட்டும். பேச முடியாதவர்களின் மௌனமும் சம்மதமாகவே அவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

டி.சி.ஐ. எப்படி வந்தது என்று உங்கள் மகனுக்குத் தெரியுமா, கேட்டுப்பாருங்கள். 1971 வரை போட்டிகளின் விதிகளையும் வாய்ப்புகளையும் அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. ஆகிய முன்னாள் படைவீரர் சங்கங்கள் கையில் வைத்திருந்தன. அவற்றோடு முரண்பட்டுச் சில இயக்குநர்கள் எழுந்தார்கள். சிகாகோவின் கேவலியர்ஸ் குழுவின் டான் வாரன், வையோமிங்கில் காஸ்பர் ஊரின் ட்ரூப்பர்ஸ் குழுவின் ஜிம் ஜோன்ஸ் போன்றவர்கள். எங்கள் ஆட்டத்தை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று சொல்லி வெளியே வந்தார்கள். 1972-ல் விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற சிறிய ஊரில் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது, அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. இன்று உங்கள் மாநிலத்து லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் இறுதிப் போட்டி வரை வளர்ந்தது அந்த எதிர்ப்பிலிருந்துதான். மேலே இருந்தவர்களுக்குப் பதில் சொன்ன இயக்குநர்கள் கட்டிய வீடு இது. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கேள்வி கேட்ட ஒரு தாயை டிக்கெட் வாங்கிக்கொண்டு வா என்கிறார் இவர்.

பதில் சொல்லாத பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணமும் இருக்கிறது. 1934-ல் நியூஜெர்சியின் கார்ஃபீல்டில் தொடங்கிய கேடட்ஸ் குழு டி.சி.ஐ. பட்டத்தைப் பத்து முறை வென்றது. அதைப் பல்லாண்டுகள் நடத்திய இயக்குநர்மீது 2018 ஏப்ரலில் ஒன்பது பெண்கள் பாலியல் புகார் சொன்னார்கள். ‘பிலடெல்பியா இன்கொயரர்’ அதை வெளியிட்டது. அவர் மறுத்தார், பதவி விலகினார். புகார்களில் பழையவை 1980-கள் வரை பின்னால் போகின்றன. 2024-ல் அந்தக் குழுவே இயக்கத்தை நிறுத்திக்கொண்டது. உங்கள் இயக்குநரை நான் அந்த வரிசையில் நிறுத்தவில்லை, அப்படி யாரும் படித்துவிட வேண்டாம். திமிராக எழுதுவது ஒன்று, குற்றம் இன்னொன்று. ஆனால் புகாரில் சொல்லப்படும் முதல் சம்பவத்துக்கும் அச்சான செய்திக்கும் நடுவே அத்தனை ஆண்டுகள் கிடக்கின்றனவே, அது எப்படி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். புகார் சொல்பவளைப் பலவீனமானவள் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்ட இடத்தில் யார் வாய் திறப்பார்கள்? உங்கள் இயக்குநரின் இரண்டு வரி அந்த வேலையைத்தான் செய்கிறது, அவர் அதை நினைத்து எழுதாவிட்டாலும்.

இனி உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். அந்த லைக்கை வைத்து உங்கள் மகனை எடைபோட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் மூன்று இடங்களில் அதைச் சொல்லிப் புலம்பியிருந்தீர்கள், இங்கே சுருக்கிவிட்டேன். அவன் அந்தக் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு என்ன செய்ய முடியும் என்று நினைத்தீர்கள்? லைக் போடாமல் விட்டவன் யார் என்பதும் அங்கே கவனிக்கப்படும். விலகிப்போனவன் ஒருவேளை அவனுடைய நண்பனாக இருந்திருக்கலாம். ‘உனக்குப் புரியாது அம்மா’ என்று அவன் சொன்னது உங்களை ஒதுக்கியல்ல. பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்ற பயத்தில் சொல்லியிருக்கிறான். நீங்கள் அவனைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறீர்கள். அதே வேலையை அவனுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அனுப்பலாமா என்று கேட்டீர்கள். பதினெட்டு வயதானவனை நீங்களும் நானும் அனுப்புவதா? இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுக்குமேல் அவனுக்கு இந்த வாசல் மூடிவிடும், அவனுக்கு இன்னும் சில கோடைகளே மிச்சம். போவது அவன் முடிவு. நீங்கள் செய்ய வேண்டியது வேறு. இந்தக் குழுக்கள் பெரும்பாலும் லாப நோக்கற்ற அமைப்புகள், மேலே ஒரு நிர்வாகக் குழு இருக்கும். பணியாளர்கள் உறுப்பினர்களைப் பற்றிப் பொதுவெளியில் எழுதுவதற்கு உங்களிடம் என்ன விதி இருக்கிறது என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பெயரில், கணவரின் கையெழுத்தோடு. 2018-க்குப் பிறகு டி.சி.ஐ.யும் உறுப்பினர் பாதுகாப்பு விதிகளை இறுக்கியிருக்கிறது, ஆகவே இது யாரும் கேட்காத கேள்வி அல்ல. மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எழுதுங்கள், அவன் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். அவன் வேண்டாம் என்றால் முகாம் முடியும்வரை பொறுத்து எழுதுங்கள், ஆனால் எழுதாமல் விடாதீர்கள்.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் கட்டணம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, முகநூல் இருக்கிறது. அவன் என்ன வாசிக்கிறான் என்று எங்கும் இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்.