ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிக்கு அவசரகாலத் தயார்நிலை மானியம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் புதிதாக நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பு ஏற்றிருக்கிறேன். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு அவசரகாலத் தயார்நிலைக்கென்றே அரசு மானியம் கொடுத்தார்களாம். நாமும் விண்ணப்பிக்கலாமே என்கிறார் முதல்வர். நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா?

அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. இதை முதல்வரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். அதற்காகப் பணமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வேறு பெயரில், வேறு வேறு அலுவலகம் வழியாக வருகிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. நானும் அதே ஆரணி ஆற்றங்கரையில், இன்னொரு உதவிபெறும் கல்லூரியில், இதே பொறுப்பில் ஆறு வருடம் இருந்தவன்.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்கு அடுத்த வருடம் அந்நாட்டுக் கல்வித் துறை, உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று அவசரகால மேலாண்மை மானியம் ஒன்றை ஆரம்பித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கவில்லை, போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும். தடுப்பு, முன்னேற்பாடு, எதிர்கொள்வது, மீண்டெழுவது என்று நான்கு கட்டத்துக்கும் திட்டம் வகுக்கவும் பயிற்சி கொடுக்கவும் கொடுத்த பணம் அது. சில வருடங்களில் அதுவும் நின்றுபோனது. 2013-ல் கல்லூரிகள் எப்படித் திட்டம் எழுத வேண்டும் என்று ஒரு வழிகாட்டிக் கையேடு வெளியிட்டார்கள். மானியம் அவர்கள் நாட்டுக் கல்லூரிகளுக்கு மட்டும்தான். கையேட்டை நாமும் எடுத்துப் படிக்கலாம். துப்பாக்கிச் சூடு பற்றிய பக்கங்களைத் தள்ளிவிட்டால் மீதியில் உபயோகமானது நிறைய இருக்கிறது.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஆரணி ஆற்றின் பிச்சாட்டூர் அணை இருப்பது ஆந்திரத்தில். அங்கே நீரைத் திறந்தால் நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டைக்கு வரும். எங்கள் கல்லூரி தென்கரையில். பிள்ளைகளில் பாதிக்குமேல் வடகரை. ஊத்துக்கோட்டை, அதைத் தாண்டி நாகலாபுரம், சத்தியவேடு. ஆந்திரத்து முகவரி, வீட்டில் பேசுவது பெரும்பாலும் தமிழ். ஆதாரில் ஒரு மாநிலம், கல்லூரி அடையாள அட்டையில் இன்னொரு மாநிலம்.

2015 மழையில் ஒரு நாள் மதியம் இரண்டரை மணிக்கு எனக்கு ஒரு போன். பிச்சாட்டூரில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர், எங்கள் இரண்டாமாண்டு மாணவியின் அப்பா. "ஷட்டரைத் தூக்கிட்டாங்க சார், பொம்பளப் புள்ளைங்களை பஸ் ஏத்திடாதீங்க" என்றார். அப்போது ஆற்றைக் கடக்கத் தரைப்பாலம்தான். கிளம்பத் தயாராக நின்ற இரண்டு பஸ்ஸையும் நிறுத்தினோம். இருட்டுவதற்குள் பாலத்தின்மேல் தண்ணீர் ஏறிவிட்டது. 63 பிள்ளைகள் அன்றிரவு கருத்தரங்கக் கூடத்தில் தங்கினார்கள். கரண்ட் இல்லை, பெண்கள் பக்கம் இரண்டே கழிவறை, கேன்டீனில் அரை மூட்டை அரிசி. "தண்ணீர் திறக்கப்படலாம், எச்சரிக்கையாக இருக்கவும்" என்ற அதிகாரப்பூர்வத் தகவல் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் குறையும்தான் சொல்கிறேன்.

அந்தச் சூட்டோடு உட்கார்ந்து நாற்பது பக்கத்துக்கு ஒரு திட்ட அறிக்கை எழுதினேன். ஜெனரேட்டர், சைரன், ரப்பர் படகு என்று மொத்தம் 18 லட்சம். மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பினேன். இரண்டிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது, "தங்கள் கோரிக்கை இவ்வலுவலகம் தொடர்புடையதன்று" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியது. நேரில் போனபோது அங்கிருந்த எழுத்தர் ஒருவர் மட்டும் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "படகு சரி சார், ஓட்டுறது யாரு?" எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை.

தப்பு எங்கே என்பது பிறகுதான் புரிந்தது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். பணம் மாநிலத்துக்கு வந்து, அங்கிருந்து மாவட்டத் திட்டம் வழியாக இறங்குகிறது. 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து, மாநில அளவிலான பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 40 சதவீதம் மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 மறுசீரமைப்புக்கு, 20 ஆபத்தைக் குறைக்கும் பணிகளுக்கு, 10 முன்னேற்பாட்டுக்கும் பயிற்சிக்கும். நீங்கள் தேடும் "தயார்நிலை" அந்தக் கடைசிப் பத்தில் இருக்கிறது. தனியாக ஒரு கல்லூரி அதற்கு மனுப்போட்டு வாங்க வழியில்லை. மாவட்டத் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு ஒரு வேலை இருந்தால், அந்த வேலையைச் சாக்கிட்டு ஏதாவது வரும்.

எங்களுக்கு அந்த வேலை கிடைத்தது தற்செயலாக. 2018-ல் பருவமழைக்கு முன்னால் எங்கள் கிராம நிர்வாக அலுவலர், நிவாரண முகாமுக்கு இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார். மேட்டில் இருக்கிற கட்டடம், லாரி வந்து திரும்ப இடம், சமையலுக்குக் கூரை. மூன்றும் எங்களிடம் இருந்தன. முதல்வர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பெஞ்சு நாற்காலி உடையும் என்று. பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தோம். ஒரு பக்கக் கடிதம்: கூடத்தின் அளவு, எத்தனை பேர் படுக்கலாம், எத்தனை கழிவறை, குடிநீர்த் தொட்டி எவ்வளவு, சாவி யாரிடம். வட்டாட்சியர் அலுவலக முகாம் பட்டியலில் பெயர் ஏறியது. அடுத்த கோடையில் ஆய்வுக்கு வந்தவர்களே கழிவறை போதாது என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் 18 லட்சம் கேட்டபோது அசையாத கோப்பு அதற்கு அசைந்தது. ஆறு புதிய கழிவறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். முகாம் இல்லாத நாளெல்லாம் பிள்ளைகள்தான் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே உங்கள் முதல் வேலை இதுதான்: ஆகஸ்ட் கடைசிக்குள் அந்த ஒரு பக்கக் கடிதம். அக்டோபர் வந்துவிட்டால் வருவாய்த் துறையில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் முத்திரை போட்டு வாங்கி வந்துவிடுங்கள்.

பயிற்சிக்குத் தனி வழி இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் 2016-ல் 30 மாவட்டங்களில் சோதனையாக ஆரம்பித்து, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பேரிடர் மீட்புப் பயிற்சி என்ற அளவுக்குப் போனது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் யுவ ஆப்த மித்ரா. 470.50 கோடி ரூபாயில், 315 மாவட்டங்களில், என்சிசி, நாட்டு நலப்பணித் திட்டம், நேரு யுவ கேந்திரா, சாரணர் இயக்க இளைஞர்கள் 2.37 லட்சம் பேருக்குப் பயிற்சி. நம் பிள்ளைகளுக்கென்றே வந்ததுபோல இருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவிலும், உங்கள் பல்கலைக்கழக நாட்டு நலப்பணி ஒருங்கிணைப்பாளரிடமும் கேளுங்கள். இருவரிடமும் கேளுங்கள், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

கையில் நேரடியாக இருக்கும் பணம் நாட்டு நலப்பணித் திட்டத்துடையது மட்டுமே. ஏழு நாள் சிறப்பு முகாமில் கோயில் வளாகம் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரண்டு நாளைத் தீயணைப்பு நிலையத்துக்கு ஒதுக்குங்கள். கேட்டால் வந்து ஒத்திகை நடத்துவார்கள்; கயிறு கட்டுவது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது, காலி குடத்தைக் கட்டி மிதக்கவைப்பது எல்லாம் சொல்லித்தருவார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அவர்களே இடம் தேடும் நேரம் அது, ஆனால் உங்களுக்குத் தேர்வுக் காலமாகிவிடும்.

பொருள் வாங்க வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டி சிப்காட், தடா பக்கத்து ஸ்ரீசிட்டி என்ற இரண்டு தொழிற்பேட்டைகளும் தூரமில்லை. கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வியாபாரமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் அட்டவணையில் 2019-ல் பேரிடர் மேலாண்மையையும் சேர்த்தார்கள். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. எங்களுக்கு இன்வெர்ட்டர், கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, இருபது லைஃப் ஜாக்கெட் அப்படித்தான் வந்தன. படகு கேட்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியிடம் போகலாமா என்று முதல்வர் கேட்பார். 2015-ல் அவர்கள் வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை எடுத்துக் காட்டுங்கள். செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. செலவு நம் தலையில். யுஜிசி மானியம் பெறத் தகுதி தரும் 12பி அங்கீகாரம் இல்லாத கல்லூரி என்றால் அந்தப் பக்கம் பொதுவாகவே கதவு மூடியிருக்கும்.

அப்புறம் ஒன்று. எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள், ஆனால் நாளைக்கே செய்யலாம். வடகரைப் பிள்ளைகளின் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து, ஊருக்கு இரண்டு பெற்றோர் எண் வாங்கி வையுங்கள். நம் பக்கம் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. ஆந்திரப் பக்கத்துக்கு உங்கள் அலுவலகத்தில் பழைய பட்டியல் ஏதாவது இருந்தால், அதில் சித்தூர் மாவட்ட எண்கள்தான் இருக்கும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதும் பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு மூன்றும் அங்கே போய்விட்டன. எண்களை மாற்றுங்கள். டீக்கடைக்காரரின் எண்ணை இங்கே போட முடியாது. பிச்சாட்டூரிலிருந்து வரும் உங்கள் பிள்ளைகளில் யாருடைய வீடு அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.