பாஸ்போர்ட்டில் ‘பிறந்த ஊர் ஹூஸ்டன்’

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் பள்ளி ஆசிரியை நான். அப்பா ஹூஸ்டனில் படித்தபோது அங்கே பிறந்தேன். இரண்டு வயதில் இங்கே வந்துவிட்டோம். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் மட்டும்தான் வைத்திருக்கிறேன். இப்போது வங்கி ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகளா?’ என்று படிவம் அனுப்பியிருக்கிறது. ‘இல்லை’ என்று போட்டுவிடு என்கிறார் கணவர். போடலாமா? பிள்ளைகளுக்கும் சிக்கல் வருமா?

பதில்: வேண்டாம், சகோதரி. தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் தவிர, அங்கே பிறந்தவர் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகள். பாஸ்போர்ட் எடுக்காதது கணக்கில் வராது. மற்ற நாடுகள் பெரும்பாலும் வசிக்கும் இடத்தைப் பார்த்து வரி கேட்கும். அமெரிக்கா குடியுரிமையையும் பார்க்கிறது. அமெரிக்கர்களின் வெளிநாட்டுக் கணக்குகளைக் கண்டறிய அந்நாடு 2010-இல் கொண்டுவந்த ஃபாட்கா சட்டம், அதற்காக 2014-இல் தென்னாப்பிரிக்கா போட்ட ஒப்பந்தம், இரண்டும் சேர்ந்து உங்கள் கணக்கு விவரத்தை வங்கி இங்கே உள்ள வரித்துறையான சார்ஸுக்கும், சார்ஸ் அமெரிக்காவுக்கும் அனுப்ப வைக்கின்றன. இதுவரை அமெரிக்காவுக்கு வரிக் கணக்குக் காட்டாமல் விட்டது தெரியாமல் செய்தது. பொய்க் கையெழுத்துப் போட்டால் அது தெரிந்தே செய்தது ஆகிவிடும்.

வரிக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். இங்கே கட்டிய வரியைக் கழித்தால் ஆசிரியைச் சம்பளத்துக்குப் பெரும்பாலும் பாக்கி வராது. தொல்லை கணக்குக் காட்டுவதில்தான். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் அறிக்கை கொடுக்க வேண்டும். வெளிநாடு என்றால் அவர்களுக்கு. உங்கள் சாட்ஸ்வொர்த் கிளைதான் அது! கணவரோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கும் இதில் வரும். யூனிட் டிரஸ்ட் (மியூச்சுவல் ஃபண்ட்) இருந்தால் அதற்குத் தனிப் படிவம், பெரிய தலைவலி.

தெரியாமல் விட்ட வெளிநாட்டுவாசிகளுக்கு ஒரு வழி உண்டு. 3 ஆண்டு வரிக் கணக்கு, 6 ஆண்டு எஃப்பார், தவறு எப்படி நேர்ந்தது என்ற விளக்கம், இவற்றைக் கொடுத்தால் அபராதம் இல்லை. அதற்கு அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். அமெரிக்க வரித்துறையே விசாரணை தொடங்கிவிட்டால் இந்தக் கதவு அடைபட்டுவிடும்.

அமெரிக்காவில் உங்களுக்கு இனி எந்த வேலையும் இல்லையா? அப்படியானால் தூதரகத்தில் குடியுரிமையைத் துறந்துவிட்டு, 2019-இல் அறிவித்த சலுகையைக் கேட்பதுதான் என் யோசனை. சொத்து 20 லட்சம் டாலருக்குக் குறைவாகவும், 6 ஆண்டு வரிப் பாக்கி 25,000 டாலருக்குள்ளும் இருந்தால் அந்தப் பாக்கியைக் கேட்பதில்லை. இதற்கு சோஷியல் செக்யூரிட்டி எண்கூடத் தேவையில்லை. ஆனால் துறந்த பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறுவது நடக்காத காரியம்.

பிள்ளைகள் தப்பித்தார்கள். கணவர் அமெரிக்கக் குடிமகனாக இல்லாவிட்டால், தாய் அங்கே 5 ஆண்டு, அதில் 14 வயதுக்கு மேல் 2 ஆண்டு, வாழ்ந்திருந்தால்தான் அவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும். நீங்கள் இருந்ததே 2 ஆண்டு.

வங்கியிடம் ‘ஆம்’ என்று சொல்லி, எழுத்திலேயே அவகாசம் கேளுங்கள். அப்பாவிடம் உங்கள் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று இன்றே கேட்டுவிடுங்கள். எந்த வழியில் போனாலும் அது வேண்டும்.