தோற்கும் அணியைப் புதுமுகங்கள் தூக்கி நிறுத்துவார்களா?

கேள்வி: என் மகள் படிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி, சென்ற பருவத்தில் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்த நான்கு பேரை அணியில் சேர்த்திருக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளால் ஓர் அணியின் தலையெழுத்தை மாற்ற முடியுமா?

பதில்: முடியும், அதற்குச் சான்றும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக அணி 1990-91 பருவத்தில் 14 ஆட்டங்களில் வென்று 15 ஆட்டங்களில் தோற்றது. அடுத்த பருவத்தில் கிறிஸ் வெபர், ஜேலன் ரோஸ், ஜுவான் ஹோவர்ட், ஜிம்மி கிங், ரே ஜாக்சன் என ஐந்து முதலாண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அந்த அணி 1992-இல் தேசியப் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்று, டியூக் அணியிடம் 71-51 என்ற கணக்கில் தோற்றது. ஆதரவாளர் ஒருவரிடம் வெபர் பணம் பெற்ற விவகாரம் பின்னாளில் வெளிவந்ததால், அந்த அரையிறுதி, இறுதியாட்டங்கள் அதிகாரபூர்வப் பதிவிலிருந்து நீக்கப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. அந்த ஐவரும் பருவத்தின் முதல் நாளிலேயே தொடக்க ஐவராகக் களம் இறங்கவில்லை. பருவம் பாதியைத் தாண்டிய பிறகு, 1992 பிப்ரவரியில்தான், பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபிஷர் ஐவரையும் ஒன்றாகத் தொடக்கத்திலேயே இறக்கினார். அதுவரை அவர்கள் மூத்த வீரர்களோடு கலந்தே ஆட்டங்களைத் தொடங்கினார்கள். உங்கள் மகளின் கல்லூரியிலும் நால்வரையும் ஒரே நாளில் அரியணையில் ஏற்றாமல், ஒவ்வொருவருக்கும் முதலில் ஒன்றிரண்டு வேலைகளை மட்டும் தெளிவாக ஒப்படைத்தால், நல்ல பலன் கிடைக்கும் என்றே நான் நம்புகிறேன்.

எந்த வேலைகள் என்று கேட்பீர்கள். உயரம், தாவும் திறன், கால்வேகம் ஆகியவற்றைக் கொண்டு உடனே செய்யக்கூடியவைதாம்: ரீபவுண்ட் எடுப்பது (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), எதிரணியின் எறிதலைத் தடுப்பது, பந்து கைக்கு வந்ததும் எதிர்முனைக்கு ஓடுவது. புள்ளி குவிப்பது பிறகு வரட்டும். 2012 இறுதியாட்டத்தில் கென்டக்கி அணி கான்சஸ் அணியை 67-59 என வென்றபோது, முதலாண்டு மாணவரான அந்தோனி டேவிஸ் கூடையை நோக்கி எறிந்த 10 பந்துகளில் ஒன்றுதான் விழுந்தது. ஆனால் அவர் 16 ரீபவுண்ட் எடுத்தார். எதிரணியின் 6 எறிதல்களைத் தடுத்தார். போட்டியின் சிறந்த வீரராகவும் தேர்வானார். கூடை கைகொடுக்காத நாளிலும் ஒரு புதியவர் ஆட்டத்தை வென்று தர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

கேள்வி: அப்படியானால், நாட்டிலேயே முதலிடத்தில் மதிப்பிடப்படும் ஒரு மாணவர் வந்தால் அணி கட்டாயம் வென்றாக வேண்டுமே?

பதில்: அப்படி நடப்பதில்லை. 2016-17 பருவத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய மார்கெல் ஃபுல்ட்ஸ், ஆட்டத்துக்குச் சராசரியாக 23 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார், 2017-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை வரிசைமுறையில் எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக அழைக்கப்பட்டார். அவருடைய அணியோ 9 ஆட்டங்களில் மட்டுமே வென்று 22 ஆட்டங்களில் தோற்றது. முந்தைய ஆண்டு அதே அணியில் ஆடிய முதலாண்டு மாணவர்களான மார்க்கீஸ் கிரிஸ், டிஜாண்டே மரே இருவரும் ஒரே பருவத்தோடு என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார்கள்; மூத்தவர் ஆண்ட்ரூ ஆண்ட்ரூஸும் படிப்பை முடித்து வெளியேறியிருந்தார். ஆகவே ஃபுல்ட்ஸ் வந்தபோது அவரைத் தாங்கிப் பிடிக்க அனுபவமுள்ள தோள்கள் குறைவாகவே இருந்தன. 2024-25 பருவத்தில் ரட்கர்ஸ் அணிக்கு டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்ற இரண்டு பெரும் திறமைசாலிகள் ஒன்றாகவே கிடைத்தார்கள். அடுத்து நடந்த தேர்வில் அவர்கள் இரண்டாவதாகவும் ஐந்தாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். இருந்தும் அந்த அணி 15 வெற்றி, 17 தோல்வியோடு பருவத்தை முடித்தது.

2003-இல் பட்டம் வென்ற சிராக்யூஸ் அணியை இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு அந்த அணிக்குத் தேசியப் போட்டியில் இடமே கிடைக்கவில்லை. முதலாண்டு மாணவர் கார்மெலோ அந்தோனி வந்த பிறகு கதை மாறியது என்பது உண்மைதான். இறுதியாட்டத்தில் 20 புள்ளியும் 10 ரீபவுண்டும் எடுத்தார். ஆனால் அவர் பக்கத்தில் தொலைவிலிருந்து எறிவதற்கு ஜெர்ரி மெக்நமாரா என்ற இன்னொரு முதலாண்டு மாணவர் இருந்தார். முதல் பாதியிலேயே அவர் ஆறு மூன்று-புள்ளிக் கூடைகளைப் போட்டார். கடைசி நொடிகளில் கான்சஸ் வீரரின் எறிதலைத் தடுத்து 81-78 வெற்றியைக் காத்தவர், இரண்டாம் ஆண்டு மாணவர் ஹக்கீம் வாரிக். மூன்று பேர், மூன்று வெவ்வேறு வேலைகள். புதியவரின் தரத்தை மட்டும் அளக்காமல், அவரைச் சுற்றி நிற்கும் நால்வர் யார் என்றும் பார்ப்பது நல்லது.

கேள்வி: புதியவர்களுக்கு மிகவும் கடினமாக இருப்பது எது?

பதில்: தடுப்பாட்டம்தான், அதிலும் வாய் திறந்து பேசுவது. எதிரணியில் பந்தை வைத்திருப்பவருக்கு உதவ அவருடைய தோழர் ஓடிவந்து, நம் தடுப்பாளரின் வழியில் சுவர்போல் நிற்பார். இதை ஸ்கிரீன் என்பார்கள். அந்த நொடியில் பின்னால் நிற்கும் நம் உயரமான வீரர், ஸ்கிரீன் எந்தப் பக்கம் வருகிறது என்று உரக்கக் கத்த வேண்டும். ஓரடி முன்வந்து பந்தோடு வருபவரின் வேகத்தைக் குறைக்க வேண்டும். உடனே திரும்பி, கூடையை நோக்கி ஓடும் தன் ஆளைப் பிடிக்க வேண்டும். பள்ளி ஆட்டங்களில் அவர் கூடைக்கடியில் கையைத் தூக்கி நின்றாலே பாதி வேலை முடிந்திருக்கும், ஏனென்றால் அங்கே அவரைவிட உயரமானவர்கள் அரிது. கல்லூரியில் அவர் பேசாமல் நின்றால், முன்னால் இருப்பவர் ஸ்கிரீனில் மோதித் தேங்கிவிடுவார், கூடைக்கு வழி திறந்துவிடும். தாமதமாகப் பாய்ந்தால் ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தைவிட்டே வெளியேற வேண்டும். பயிற்சியில் மூத்த வீரர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறையும் கத்தச் சொல்லித் தருவதற்கு ஈடான பாடம் வேறில்லை.

கேள்வி: முதலாண்டு மாணவர்களுக்கு ஆட அனுமதியே இல்லாத காலம் ஒன்று இருந்ததாமே?

பதில்: ஆம். பெரிய கல்லூரிகளின் முதன்மை அணியில் அவர்கள் ஆடுவதற்கான தடை 1972-73 பருவத்தில்தான் விலகியது. அதற்கு முன்பு அவர்களுக்குத் தனி அணி இருந்தது. 1965-இல் யு.சி.எல்.ஏ.வின் (லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம்) முதலாண்டு அணி, லூ ஆல்சிண்டர் தலைமையில், தொடர்ந்து இருமுறை தேசியப் பட்டம் வென்றிருந்த தன் கல்லூரியின் முதன்மை அணியையே 75-60 என வீழ்த்தியது. அந்த ஆல்சிண்டர்தான் பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரில் புகழ்பெற்ற என்.பி.ஏ. நட்சத்திரம்.

கேள்வி: இப்போது வேறு கல்லூரிகளில் ஆடிப் பழகியவர்களையே எளிதாகச் சேர்த்துக்கொள்ளலாமே. பள்ளியிலிருந்து வருபவர்களுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

பதில்: 2021 முதல், முதன்முறையாகக் கல்லூரி மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆகவே இருபத்திரண்டு வயது வீரர்களைத் தேடிப் பிடிப்பது எளிதாகிவிட்டது. தோற்கும் அணிக்கு அப்படி ஓரிருவர் கட்டாயம் தேவை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அணி முழுவதையும் வெளியிலிருந்தே திரட்டினால், பயிற்சியாளர் ஒவ்வோர் ஆண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முதலாண்டில் தடுமாறும் பதினெட்டு வயதுப் பிள்ளை அதே கல்லூரியில் தங்கினால், இரண்டாம் ஆண்டில் அந்த அணியின் ஆட்ட முறையை உள்ளங்கையாக அறிந்தவராக இருப்பார். ஆகவே ஒரே ஆண்டில் என்.பி.ஏ.வுக்குப் பறக்கப் போகும் நட்சத்திரத்தைவிட, தங்கக்கூடிய மூவர் தோற்கும் அணிக்கு அதிகப் பயன் தருவார்கள் என்பது என் கருத்து.

கேள்வி: அணி முன்னேறுகிறதா என்று அரங்கில் உட்கார்ந்து பார்க்கும் என்னைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: நவம்பர் மாத முடிவுகளை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள், அப்போது எதிரே வருபவர்களில் பலர் எளிய அணிகள். ஜனவரியில், தங்கள் பிரிவின் அணிகளோடு, அதுவும் எதிரணியின் அரங்கில் ஆடும் ஆட்டங்களைப் பாருங்கள். புதியவர்கள் பந்தைக் கைநழுவ விடுவது குறைகிறதா, தவறவிட்ட எறிதலுக்குப் பிறகு தலையைக் குனியாமல் தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓடுகிறார்களா என்று கவனியுங்கள். வித்தியாசம் நான்கைந்து புள்ளிகளாக இருக்கும் கடைசி ஐந்து நிமிடங்களில் அவர்களில் எத்தனை பேரைப் பயிற்சியாளர் களத்திலேயே விட்டுவைக்கிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நவம்பரில் அந்த எண்ணிக்கை ஒன்றாக இருந்து, பிப்ரவரியில் மூன்றாகியிருந்தால், அட்டவணையில் தோல்விகள் இன்னும் மிகுந்திருந்தாலும் அணி சரியான வழியில் போகிறது என்று உங்கள் மகளிடம் தைரியமாகச் சொல்லலாம்.