19-ஆம் நூற்றாண்டு பத்திரிகைகளின் சதுரங்கப் பத்திகளை இன்றும் ஏன் தேடுகிறார்கள்?

அன்றைய ஆட்டங்களில் பெரும்பாலானவை காபிக் கடையிலும் கிளப்பிலும் ஆடி, எழுந்து போனதோடு மறந்துபோனவை. யாராவது நகர்வுகளைக் குறித்துப் பத்திரிகைக்கு அனுப்பினால்தான் அந்த ஆட்டம் பிழைக்கும். 1813-இலேயே லிவர்பூல் மெர்க்குரியில் சதுரங்கப் பத்தி வந்துவிட்டது. இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பத்தியை 1845 முதல் 1874-இல் இறக்கும் வரை நடத்தியவர் ஆங்கிலேயச் சதுரங்க வீரர் ஹோவர்ட் ஸ்டான்டன்.

நமக்கு நெருக்கமான உதாரணம் கல்கத்தாவில் இருக்கிறது. வழக்கறிஞர் ஜான் கொக்ரேன் அங்கே வங்காள ஆட்டக்காரர் மொகேஷ்சந்திர பானர்ஜியோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். கொக்ரேன் வழியாகத்தான் அவை லண்டன் அச்சுக்குப் போயின. 1855 மே மாத ஆட்டம் ஒன்றில் பானர்ஜி குதிரையை வெளியே கொண்டுவந்து, ஜி-சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, மூன்றாம் நகர்விலேயே டி5 (டி-சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஆடுகிறார். இன்று அதற்குப் பெயர் குருன்ஃபெல்ட் தற்காப்பு. ஆனால் ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் அதை ஆடிக்காட்டியது 1922-இல்தான்! ஆட்டத்தில் பானர்ஜி தோற்றார், சரி, ஆனாலும் அந்த யோசனை அவருடையது. அச்சில் ஏறாமல் போயிருந்தால் நமக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

அப்புறம், படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். அப்போதைய குறியீட்டில் ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்தே கட்டங்களை எண்ணுவார்கள். 'கே4' (ராஜாவின் வரிசையில் நான்காம் கட்டம்) என்றால், இன்றைய குறியீட்டில் வெள்ளைக்கு இ4, கறுப்புக்கு இ5. பலகையை வைத்துக்கொண்டு நகர்த்திப் பார்த்தால்தான் அச்சுப்பிழைகளும் பிடிபடும்.